வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தாலி

சர்வதேச விவகாரம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் அது என்னவென்று புரியவில்லை. "பங்காளி வெவகாரம் தெரியும், ஏரித்தண்ணி வெவகாரம் தெரியும், அது இன்னாடி சர்வதேச வெவகாரம்?" என்று தாய்மாமன் கேட்டார். சென்னையில் நேர்முகத்துக்கு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். பாகூர்ப் பக்கத்துக் குடியானவர் மகளுக்கு அது எதற்கு என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. நாட்டுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று சொல்லிவைத்தேன். தலையாட்டினார்கள். நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுசும் சொல்லவில்லை.

முழுசும் என்னவென்றால், என் அக்காவுக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் தாலி கட்டினார்கள். இந்தப் பக்கம் கட்டியிருந்தால் நான் எங்காவது டீச்சராகவோ யாருக்காவது பெண்டாட்டியாகவோ ஆகி, நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி ஒரே துண்டாகக் கிடந்த பூமி இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், நடுநடுவே சென்னை மாகாணம். எங்கள் நெல் வயல் பிரெஞ்சு. வரப்பைத் தாண்டினால் இந்தியா, தென்னார்க்காடு ஜில்லா. எங்கள் மாடு இங்கே மேய்ந்துவிட்டு அங்கே தண்ணீர் குடிக்கும். எங்கள் குலதெய்வம் அந்தப் பக்கத்துப் பனந்தோப்பில் இருந்தது. அதற்குப் பொங்கல் வைக்க வருஷா வருஷம் வெளிநாடு போய்வந்த குடும்பம் நாங்கள். அப்போதெல்லாம் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஐம்பத்து நாலில் சிரிப்பு நின்றுபோனது. எங்கள் கொம்யூனில், அதாவது பல ஊர் சேர்ந்த பிரெஞ்சு வட்டாரத்தில், ஊருக்கு ஊர் கொடி மாறிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு கொடி, சாயங்காலம் ஒரு கொடி. இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்களின் வைக்கோல் போரைக் கொளுத்த ஒரு கூட்டம் திரிந்தது. அப்பா கதர் கட்டிக்கொண்டு சேர வேண்டும் என்று கத்தியவர். அதனால் எங்கள் வைக்கோல் போருக்கு அம்மா பகலெல்லாம் காவல் இருந்தாள். அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை எங்கள் ஊரே, கோடித் தெரு. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வியட்நாம் பக்கம் சைகோனிலிருந்து லீவில் வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, விசில் அடிப்பார். அக்கா கிணற்றடியில் இருக்கிறபோதெல்லாம் அவருக்கு எங்கள் தெருவில் ஏதாவது வேலை இருக்கும். மாமா என்று நான் கூப்பிட ஆரம்பித்ததே கல்யாணத்துக்கு முந்தித்தான், அதற்கு அம்மாவிடம் தலையில் ஒரு குட்டு வாங்கினேன். கட்சி வேறாக இருந்தாலும் அப்பாவுக்கு அவரைப் பிடித்துப் போனது.

கல்யாணம் என்றால் பிரெஞ்சு மண்ணில் ஒரு முறை உண்டு. தாலி கட்டி முடித்த கையோடு இரண்டு வீட்டாரும் மேரிக்கு, அதாவது கொம்யூன் ஆபீசுக்குப் போய், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் ஆனது என்று பதிந்துவிட்டு வரவேண்டும். சாமி சாட்சி ஒன்று, சர்க்கார் சாட்சி ஒன்று. அந்தக் கோடையில் மேரி பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்தவர் டவுனுக்கு ஓடிப் போயிருந்தார். ஊரில் பந்தல் போட்டால் அடியாட்கள் வந்து பிரிப்பார்கள் என்று பேச்சு. "குலதெய்வத்துக்கிட்டப் போயிடலாம். அந்தப் பக்கம் ஒரு பய கைய வெக்க மாட்டான்" என்று அப்பா முடிவு செய்தார்.

மாப்பிள்ளையின் அம்மா, எங்களுக்கு அத்தை முறை, தாலி இல்லாத தனி மனுஷி, ஒரே பிள்ளைக்காரி. அவள் மட்டும் கேட்டாள்.

"மேரில எழுத வேணாமா, அண்ணே?"

"எந்த மேரி? இன்னும் ரெண்டு மாசத்துல அது நம்ம பஞ்சாயத்து ஆபீசு. போறவன்கிட்டப் போயி கையெழுத்து வாங்கி இன்னா பண்றது? போமா, வேலயப் பாரு."

வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் சட்டமும் கூடவே போய்விட்டது என்று அப்பா நம்பினார். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படி நம்பினார்கள். கொடியை இறக்குவது ஒரு காலை வேலை, சட்டத்தை இறக்க எட்டு வருஷம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அவசரக் குடுக்கை. அவர் போன பிறகும் இதை அவர் படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

வரப்பைத் தாண்டினபோது வெயில் ஏறியிருந்தது. மேளம் கிடையாது, சத்தம் கேட்டால் வம்பு என்று மேளக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, பேசாமல், வரப்பில் நடந்தோம். அந்தப் பக்கத்து ரிசர்வ் போலீஸ்காரன் சீர்த்தட்டில் இருந்த வெற்றிலையைத் தடியால் விலக்கிப் பார்த்தான், அடியில் துப்பாக்கி இருக்கிறதா என்று. மஞ்சள் கிழங்கு ஒன்று உருண்டு வயலில் விழுந்தது. பின்னால் வந்த ஒரு கிழவி, "மோளமில்லாம கூட்டிக்கினு போறது கல்யாணத்துக்கு இல்லியே" என்று முனகினாள். "உன் வாயில வசம்ப வெச்சித் தேய்க்க!" என்று அம்மா திரும்பிச் சீறினாள். எனக்குப் பத்து வயசு. அதுவரை எந்தக் கல்யாணத்திலும் எனக்குப் பயம் வந்ததில்லை. அன்று வந்தது. அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

தாலி கட்டினார்கள். மாமா லீவு முடிந்து கப்பலேறினார். அந்த ஐப்பசியில் புதுச்சேரி முழுக்க இந்தியக் கொடி ஏறியது. அப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அக்கா மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்பா, அவுருக்கு எந்தக் கொடி?" அப்பா காது கேட்காத மாதிரி அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாமா சைகோனிலிருந்து திரும்பவில்லை, அங்கிருந்தே அல்ஜீரியா என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கொம்யூனில் அப்படிப் போன பிள்ளைகள் பல பேர். அந்தச் சொல் எங்கள் தெருவில் எல்லாருக்கும் பழகிப்போனது. "ஒன் புள்ள அல்சேரிலயா?" என்று பெண்கள் களையெடுத்துக்கொண்டே கேட்பார்கள், கடலூரில் இருக்கிறானா என்று கேட்கிற மாதிரி. யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்று யாருக்கும் தெரியாது. நான் டவுனில் கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தேன், பஸ்ஸில் போய்வருவேன். எனக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரனைப் போகச் சொல்லித்தான் அங்கேயும் சண்டை. இங்கே அப்பா கேட்டதைத்தான் அவர்களும் கேட்டார்கள். அவர்களைச் சுட எங்கள் மாமாவை அனுப்பியிருந்தார்கள். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்புறம் அந்தக் கார். டவுனில் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று மிச்சமிருந்த அலுவலகத்திலிருந்து ஒரு கறுப்புக் கார் எப்போதாவது ஏரிக்கரை வழியாக வரும். உள்ளே ஒரு வெள்ளைக்காரர், ஒரு மொழிபெயர்ப்பாளர். நல்ல சேதிக்கு அந்தக் கார் வராது, நல்ல சேதி தபாலில் வரும். கரைமேல் தூசு கிளம்பினதும் சொல்தா வீட்டுப் பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாத்தின கதவில் கார் நிற்காது என்று ஒரு நம்பிக்கை. அக்காவும் சாத்துவாள், உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். கார் எங்கேயாவது நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஒப்பாரி கிளம்பும். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு துக்கம் கேட்கப் போவாள்.

மாமா அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ள முயற்சி செய்தார். அங்கே பிரான்சில் பட்டாளக் குடும்பங்களுக்கு வீடு உண்டாம், பெண்டாட்டி வந்துவிட்டால் அவரைச் சண்டைக்கு அனுப்பாமல் முகாமிலேயே வைத்துக்கொள்ள எழுதிக் கேட்கலாமாம். மேரியில் எழுதாமல் விட்டதில் எது போனது என்று இப்போது உங்களுக்குப் புரியும். அக்கா அங்கே போனால் அவர் உயிரோடு இருப்பார். அக்கா அங்கே போக, அவள் அவர் பெண்டாட்டி என்று ஒரு சர்க்கார் சொல்ல வேண்டும்.

டவுன் அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான். கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டார்கள். கோயிலில். எந்த தேசத்தில்? அக்கா விழித்தாள். "எங்க வயலுக்குப் பக்கத்துல" என்றாள். அப்படியானால் இந்தியாவில். அங்கே போய்ச் சான்று வாங்கி வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். கடலூர் தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தான்.

"கல்யாணத்துக்கு சர்டிபிகேட்டா? யாரும்மா கல்யாணத்த எல்லாம் எழுதறாங்க? நாங்க பொறப்பு எழுதுவோம், சாவு எழுதுவோம். அதுவும் பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் அப்ப பிரெஞ்சுப் பிரஜ. அங்கியே போயி கேளுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஒன்றே ஒன்று சொன்னாள். "சாவு எழுதுவாங்களாம்டி." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

கான்வென்ட்டில் எங்களுக்கு வரலாறு எடுத்த கன்னியாஸ்திரீயிடம் கேட்டேன். நாங்கள் இப்போது எந்த தேசம்? அவர் யோசித்துவிட்டு, நடப்பில் இந்தியா, சட்டத்தில் பிரான்சு என்றார். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஆனால் அவர்கள் பாராளுமன்றம் இன்னும் அதை ஏற்கவில்லை, அல்ஜீரியா விவகாரம் முடிகிறவரை ஏற்கவும் மாட்டார்கள் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அப்படி ஒரு ஊரையே நிற்க வைத்திருந்தார்கள். மாமாவை வைத்திருக்கிற சண்டை முடிந்தால்தான் எங்கள் சட்டம் முடியும். எங்கள் சட்டம் முடிந்தால்தான் அக்காவுக்கு ஒரு வழி பிறக்கும். அந்த வருஷம்தான் நான் செய்தித்தாளில் வெளிநாட்டுப் பக்கத்தை முதலில் படிக்க ஆரம்பித்தேன். மற்ற பிள்ளைகள் சினிமாப் பக்கம் படிப்பார்கள். எனக்கு என் அக்காவின் கதை அந்தப் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தது, பெயர் போடாமல்.

நான் பள்ளி முடிக்கிற வருஷம் மாமா லீவில் வந்தார். விசில் அடிக்கவில்லை. உட்காரும்போது சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரும்பு ஆளுயரம் நின்றது. "எதுக்கு மாமா இவ்ளோ கிட்ட வெச்சீங்க? வெட்டிடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். பருவம் வரவில்லையே என்றார் அப்பா. "அங்க இப்பிடித்தான், மறைவுல இருந்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். காற்றில் கரும்புச் சோகை உரசினால் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அக்கா அவருக்குச் சோறு போடும்போது வளையல் சத்தம் வராமல் போட்டாள்.

நாங்கள் எல்லாருமாக டவுன் அலுவலகத்துக்குப் போனோம். மாமா, அக்கா, அத்தை, நான். மேசைக்குப் பின்னால் நரைத்த மீசை வைத்த அதிகாரி. நல்ல மனிதர், நாற்காலி போடச் சொன்னார். பழைய கல்யாணத்தை நிரூபிக்கக் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் எந்தக் கோர்ட்டு என்பதற்கே ஒரு வருஷம் ஆகும் என்றார். அதைவிட எளிது, இரண்டு பேரும் இங்கேயே இருக்கிறீர்கள், இப்போதே புதிதாகக் கல்யாணத்தைப் பதிந்துவிடுங்கள், சில வாரத்தில் இந்த அம்மா பிரான்சுக்குப் புறப்படலாம் என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. இவ்வளவு எளிதா! மூச்சு விடாமல் அத்தைக்கும் அக்காவுக்கும் தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் எத்தனையோ நாளுக்குப் பிறகு மலர்ந்தது.

ஒரே ஒரு கேள்விதான், சம்பிரதாயம் என்றார் அதிகாரி. மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா சட்டென்று பதில் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து அதையே கேட்டார்.

"இன்னாடி கேக்குறாரு?" என்றாள் அக்கா.

"உனக்கு இதுக்கு முன்னால கல்யாணம் ஆவலதானேன்னு கேக்குறாரு. ஆவலன்னு சொல்லணும்கா. ஒரு வார்த்த."

அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தாலி ரவிக்கைக்கு உள்ளே இருந்தது. மாமாவைப் பார்த்தாள். அவர், "வெறும் வார்த்தம்மா, சொல்லு. நம்ம சாமிக்குத் தெரியாதா?" என்றார். அக்கா வாயைத் திறந்தாள். சொல்லத்தான் போனாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்குள் அத்தை எழுந்து வந்து அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

"கழுத்துல வெச்சிக்கினே ஆவலன்னு சொல்லுவியாடி? கட்டுனவன் இல்லன்னு சொல்றதுக்கும் இதுக்கும் இன்னாடி வித்தியாசம்? நீ சொன்னா எம்புள்ள உசுரு நிக்குமா? எழுந்திரு!"

"அம்மா, கொஞ்சம் கேளு..." என்றார் மாமா.

"நீ சும்மா கெடடா! உனக்கு இன்னா தெரியும்?"

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். கோபிக்கவில்லை. இந்த மாதிரிக் கோபம் வராத மனிதர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வரும். ஏதாவது மதக் காரணமா என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல? எங்கள் பக்கத்தில் சுமங்கலி வாயிலிருந்து அந்த வார்த்தை வரக்கூடாது. வந்தால் அது சாபம். இதை எந்தப் பிரெஞ்சில் சொல்வது? அக்காவால் அந்தக் கையை விலக்கியிருக்க முடியும். விலக்கவில்லை. அத்தை பிடித்திருந்ததால் மட்டும் இல்லை, அவளுக்கே உள்ளே அந்தப் பயம் இருந்தது. எல்லாரும் எழுந்து வந்துவிட்டோம். அடுத்த லீவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று மாமா சொன்னார்.

அத்தைக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதிகாரி முதலில் மாமாவைக் கேட்டதும் அதே கேள்விதான். கல்யாணம் ஆகவில்லை என்று மாமா பிரெஞ்சில் பளிச்சென்று சொல்லியிருந்தார். பட்டாளத்தில் பல வருஷமாக அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அங்கே வேறு சொல்ல வழியில்லை. அத்தைக்கு அந்த பாஷை தெரியாது. மூட வேண்டிய வாய் என்று ஒன்று இருந்தால், அவள் மூடியது வேறு வாய். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை, படித்தவள். ஆனாலும் அன்று பஸ்ஸில் மாமா எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அறுபத்திரண்டு மாசி கடைசியில் சண்டை முடியப் போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் அப்போது கல்லூரி விடுமுறையில் ஊரில் இருந்தேன். பங்குனி பிறந்து கொஞ்ச நாளில் முடிந்தே விட்டது என்றார்கள். அக்கா தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டாள். அம்மா பொங்கல் வைத்தாள். அப்பா, "பாத்தியா, நான் சொல்லல?" என்றார். என்ன சொன்னாரோ, எப்போது சொன்னாரோ, எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு வசனம்தான்.

அந்த வாரமே கரைமேல் தூசு கிளம்பியது. காலை வேளை, மாடுகள் அப்போதுதான் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். கார் எங்கள் தெருவில் திரும்பியது. மெதுவாக வந்தது. எங்கள் வாசலுக்கு நேரே வந்தது.  நிற்கவில்லை, போய்விட்டது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "அப்பாடி! மகமாயி, காப்பாத்திட்ட" என்றாள். சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, இரண்டு பேரும் பைத்தியம் மாதிரிச் சிரித்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோடித் தெருவிலிருந்து ஒப்பாரி கேட்டது. ஒற்றைக் குரல். அக்கா எழுந்து முகத்தைத் துடைத்தாள். "பாவம், யாரு வூடோ. அந்தத் தெருவுல நாலு சொல்தா வூடு கீது. வாடி, எட்டிப் பாத்துட்டு வரலாம்" என்றாள். நான் நகரவில்லை. எனக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஓடினாள். தெருவில் அவள் பூ விழுந்துகொண்டே போனது.

கார் சரியான வீட்டில்தான் நின்றிருந்தது. அவர்கள் கணக்கில் அவர் கல்யாணம் ஆகாதவர், நெருங்கிய உறவு தாய். சண்டை நிறுத்தம் என்று சொன்ன அன்றைக்கு முந்தின வாரம் எங்கேயோ ஒரு மலைப்பாதையில். உடல் அங்கேயே புதைக்கப்பட்டது.

கருமாதிக்கு முன்னால் அக்கா டவுன் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்றாள். தாலி அறுக்க வேண்டியவள் தெருவில் இறங்குவதா என்று ஊரே வாயைப் பிளந்தது. அம்மா காலில் விழாத குறை. "எங்க பொதைச்சாங்க, எப்பிடி செத்தாரு, எதுவும் தெரியாம நான் எதுக்கு அறுக்கணும்? கேட்டுட்டு வரேன்" என்றாள். அப்பா மறுபேச்சுப் பேசாமல் எங்களோடு பஸ் ஏறினார். வழியில் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கே நரைத்த மீசைக்காரர் இல்லை, வேறு ஒருத்தர், சின்ன வயசு. உறவு என்ன என்று கேட்டார். மனைவி என்று சொன்னேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, தாயாருக்குத் தெரிவித்தாகிவிட்டது, இறந்தவருக்கு மனைவி கிடையாது, வேறு யாருக்கும் விவரம் சொல்ல அனுமதி இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். தமிழில் சொன்னேன். 

"எதிர்லதான நிக்கிறேன்? அவருக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் அக்கா.

கேட்டேன். அவருக்குப் புரிந்தது, வருத்தப்பட்டார் என்றே நினைக்கிறேன். சட்டப்படி இவர் மணமாகாத பெண், யாரையும் திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்றார், ஆறுதலாக. ஆறுதலாம்! அடி செருப்பால என்று கத்தியிருப்பேன், அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே நின்ற நேரத்தில்தான் எனக்கு முடிவானது. இரண்டு சர்க்கார் மாதக்கணக்கில் உட்கார்ந்து எங்கள் ஊரைக் கைமாற்றப் பேசியிருக்கிறார்கள். கட்டிடத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, உத்தியோகத்துக்கு எல்லாம் ஷரத்து உண்டு. வரப்பைத் தாண்டித் தாலி கட்டினவளை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரக்கூடிய ஒருத்தர் அந்த மேசையில் இல்லை. நான் போய் உட்காருவேன், உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் இது எந்த வீட்டுக் கதவில் போய் நிற்கும் என்று கேட்டு அவர்கள் உயிரை வாங்குவேன் என்று நினைத்தேன். தொண்டு, சேவை என்பதெல்லாம் பிறகு கற்றுக்கொண்ட வார்த்தைகள். அன்றைக்கு எனக்கு இருந்தது வெறும் ஆத்திரம். அக்கா வேறு என்ன முடிவு செய்திருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

கருமாதியன்று ஏரிக்கரையில் காரியம் முடித்துவிட்டு ஆண்கள் வருவதற்குள், பெண்கள் எங்கள் கூடத்தில் கூடினார்கள். அக்காவை மணையில் உட்கார வைக்கத் தேடினால், அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். தலை நிறையப் பூ, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.  ஒரு பெரியம்மா, "வாடி தாயி, முடிச்சிடலாம்" என்று கழுத்துக்குக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"செத்துப்போன சொல்தாவுக்குப் பொண்டாட்டியே கெடையாதாம். ஆபீசுல சொல்லிட்டாங்க, அப்பாவும் கேட்டாரு. அப்ப நான் யாருக்காக அறுக்கணும்? எனக்குத் தாலி கட்டுனவரு செத்தாருன்னு என்கிட்ட யாரு வந்து சொன்னது? எந்தக் காரு வந்துச்சி?"

"பைத்தியமாடி உனக்கு?"

"இருந்துட்டுப் போறேன்."

 அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை மூலையில் சுவரோடு கிடந்தாள், அந்த நாட்களில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. இப்போது எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, அக்காவுக்கு எதிரில் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் நடுவில் போனேன். அவள் என்னை விலக்கிவிட்டு அக்காவின் நெற்றியையே பார்த்தாள். குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்பிடின்னா எம்புள்ள சாவலன்னு நானும் வெச்சிக்கவா?"

அக்கா அவளைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் இல்லை. 

"காரு உங்க வூட்டுலதான நின்னுச்சி, அத்த" என்றாள்.